ஆடாதோடை இலையும் குவினசோலினும்

இருமல் கண்டவுடன் ஆடாதோடை இலையைக் கொதிக்கவைத்து, தேன் கலந்து அருந்துவது தமிழர் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். ஆடும் தொடாத கசப்பு இலையாதலால் இப்பெயர் பெற்றது என்பர். அவ்விலையில் உள்ள மருந்துப் பொருள் யாது? அளவறியாது அருந்தினால் விளைவது யாது? இத்திங்கள் அறிவியல் பாடத்தில் இவற்றைக் காண்போம்.

வளையத்தின் அமைப்பு

தேன்கூட்டில் அடுத்தடுத்துள்ள இரண்டு அறைகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மூலைகள் 6. நடுச்சுவர் இரண்டுக்கும் பொது. ஆகவே மொத்த மூலைகள் 10. அவற்றுள் எட்டில் கார்பன் அணுக்களும், இரண்டில் நைட்ரஜன் அணுக்களும் அமைகின்றன. நைட்ரஜன் இரண்டும் ஒரே அறையில், இடையில் ஒரு கார்பனைக் கொண்டு நிற்கும். வெளிப்புறத்தில் 6 ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்திருக்கும். இப்பொருளே குவினசோலின். இது வெளிர்மஞ்சள் நிறப் படிகம், சுமார் 48 பாகை செல்சியசில் உருகும், நீரில் கரையும்.

மலேரியாக் காய்ச்சலுக்குரிய குவினைன் பெயரளவில் இதனை ஒத்திருப்பினும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இரட்டை வளையத்தில் ஒரு நைட்ரஜனே உண்டு.

ஒரு குடும்பம், பல குணங்கள்

இவ்வளையத்தோடு பிற அணுக்கள் சேரும் இடத்தையும் வகையையும் பொறுத்துப் பொருளின் குணம் மாறும்.

ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் இக்குடும்பத்தைச் சேர்ந்தது. 1888ஆம் ஆண்டில் ஹூப்பர் என்பவர் இதனைப் பிரித்தெடுத்தார். இது மூச்சுக் குழலைத் தளர்த்தும். இதனை முன்மாதிரியாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து பின்னர் ஆக்கப்பட்டது.

சீன மருத்துவத்தில் மலேரியாவுக்கு வழங்கிய சாங்ஷான் வேரில் ஃபெப்ரிஃபியூஜின் உள்ளது. அது மலேரியாக் கிருமியைக் கொல்லும். ஆயினும் கடுமையான வாந்தியை உண்டாக்குவதால் பொது மருந்தாக நிலைபெறவில்லை.

இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பிராசோசினும், ஒருவகை நுரையீரல் புற்றுநோய்க்குத் தரப்படும் ஜெஃபிட்டினிபும் இவ்வினத்தனவே.

1951ஆம் ஆண்டில் இந்தியாவில் முதன்முதல் ஆக்கப்பட்ட மெத்தகுவலோனும் உறவுப் பொருளே. தூக்க மருந்தாகப் புகுந்து, பலரைப் போதைக்கு அடிமையாக்கிய அதனை 1984இல் அமெரிக்கா அடியோடு தடைசெய்தது.

அளவே மருந்து

ரப்பர் பாலை உறையவைக்கத் திராவகம் வேண்டும். அளவு மிகுந்தால் பால் கட்டி இறுகிக் கெடும். இதனை நீங்கள் நன்கறிவீர்கள். மருந்தும் அத்தகையதே. இலையின் முற்றலுக்கும் பருவத்திற்கும் ஏற்ப அதிலுள்ள வாசிசின் அளவு மாறுபடும். ஒரு குவளைக் கசாயத்தில் எவ்வளவு உள்ளது என்பதைக் கண்ணால் அறிய இயலாது. ஆகவே பின்வருவனவற்றை நினைவிற் கொள்க:

1. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது. கருவுற்ற பெண்கள் ஆடாதோடைக் கசாயத்தை அருந்துதல் கூடாது. இதனை வீட்டிலுள்ள மூத்தோரும் அறிந்திருத்தல் வேண்டும்.

2. இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, உடனே அரசாங்க மருந்தகத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது காசநோயாக இருக்கலாம். கசாயம் இருமலைத் தணிக்கக்கூடும், காசநோயைக் குணப்படுத்தாது. காலம் கடந்தால் நோய் வீட்டிலுள்ளோரையும் பற்றும்.

3. மருத்துவரிடம் செல்லும்போது, வீட்டில் அருந்திய கசாயத்தையும் மறைக்காமல் கூறுங்கள்.

முன்னோர் அறிந்த இலை மெய்யாகவே மருந்துடையது. அதன் ஆற்றலை அறிந்தவர் அதன் எல்லையையும் அறிந்து நடப்பாராக.