லயத்துப் பூனைகள்

2016 மே மாத அரநாயக்க மண்சரிவு போன்ற வேளையில் உடுத்த துணியோடு ஓடிவரும் குடும்பம் பூனையைத் தூக்கி வருவதில்லை. கைவிடப்பட்டவை பெருகுகின்றன. பெண்பூனை ஐந்தாம் மாதத்திலேயே சினைப்படக்கூடும். ஒன்பது வாரத்தில் குட்டி போடும்.

சாக்கில் கட்டி ஆற்றில் போடுவதும் நஞ்சு வைப்பதும் பாவம்; பயனுமில்லை. எச்சில் சோறு கிடக்கும்வரை வேறு பூனைகள் வந்து அவ்விடத்தைப் பிடிக்கும். பூனையே இல்லாவிட்டாலோ எலி பெருகும். எலிக்காய்ச்சலைப் பற்றி இரத்தினபுரி, கேகாலை மக்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

குப்பையை மூடி வையுங்கள். லயத்துக்கு ஒருவர் தினமும் ஒரே நேரத்தில் உணவு வைத்தால் பூனை பழகும், பிடிப்பது எளிது. கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கும் விசர்நோய்த் தடுப்பூசிக்கும் அரச மிருக வைத்தியரிடம் சேர்ந்து போய் நாள் கேளுங்கள். காதுநுனி வெட்டப்பட்ட பூனை சிகிச்சை பெற்றது, அதை விட்டுவிடலாம். கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.