பீர் ஆலைக் கழிபொருள்களின் பயன்

எள்ளை ஆட்டி எண்ணெய் கொண்டபின் எஞ்சியதைப் பிண்ணாக்கு என்றும், நெல்லைக் குற்றி அரிசி கொண்டபின் எஞ்சியதைத் தவிடு என்றும் பெயரிட்டு வழங்கினர் நம் முன்னோர். தனிப்பெயர் கொடுத்தது அவற்றைக் குப்பையென்று எண்ணாமையால் அன்றோ? கரும்பின் சக்கையும் கழிவுப்பாகும் வீணாவதில்லை என்பதைத் திருவாலங்காட்டிலுள்ள திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் பக்கத்து ஊரார் அறிவர். பீர் ஆலையின் கழிபொருள்களைப் பற்றியோ நம்மவருள் பேச்சே இல்லை. குடியை வெறுப்பார்க்கு அவ்வாலையின் பெயரே கசப்பாயிருத்தல் இயல்பு. ஆயினும் அதன் வாயிலிற் கழிவாக வெளிப்போந்த ஒரு பொருள் இந்நாட்டுத் தாய்மாரின் உயிர் காக்கும் வழியொன்றைக் காட்டிய வரலாறு, மாணாக்கர் யாவரும் அறியத்தக்கது.

முதற்கண் பீர் செய்யும் முறையைச் சுருக்கமாகக் காண்போம். வாற்கோதுமை என்னும் பார்லியை நனைத்து முளைவித்து, முளை நீளுமுன் உலர்த்துவர். இதுவே மால்ட்டு. முளைக்கும் தானியத்தில், மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் தோன்றுகின்றன. கேழ்வரகை முளைகட்டிக் குழந்தைகட்குக் கஞ்சி காய்ச்சும் நம் இல்லத்து மூதாட்டியர் இவ்வேதியியலைக் கைப்பழக்கத்தால் அறிந்தவரே. மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் ஊறவைக்க, இனிப்பு நீரிற் கரைந்துவிடும். நீரை வடித்தபின் உமியும் கரையாப் புரதமுமாய்த் தொட்டியில் தங்குவது சக்கை. வடித்த நீரை ஹாப்பு என்னும் கொடியின் பூவோடு காய்ச்சி, ஆறியபின் ஈஸ்டு இட்டுப் புளிக்க வைப்பர். ஈஸ்டு ஒரு நுண்ணிய காளான். சர்க்கரையை உண்டு சாராயத்தையும் கரியமிலவாயுவையும் விடுவதோடு, தானும் பல மடங்காகப் பெருகும். அடுத்த தொட்டிக்கு வேண்டிய சிறு பகுதி போக, மற்றதெல்லாம் ஆலைக்காரருக்கு மிகையே.

இம்மிகை ஈஸ்டைச் செறிவாக்கி உணவாக்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியற் புலவர் லீபிக் கண்டார். 1902இல் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் மார்மைட் என்னும் ஈஸ்டுச் சாறு செய்யும் தொழில் தொடங்கிற்று. அவ்வூர்ப் பாஸ் என்னும் பீர் ஆலையின் ஈஸ்டே அதற்கு மூலப்பொருள். உப்பிட்டு இளஞ்சூட்டில் வைத்தால் ஈஸ்டு தன் நொதிகளாலேயே கரைந்துபோம். தோலை வடித்து நீக்கிச் சாற்றை வற்றவைப்பர். கறுத்த குழம்பாகிய அதன் சுவையை எல்லாரும் விரும்புவர் என்று சொல்ல நான் துணியேன்.

1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். சூல்கொண்ட ஏழை மகளிரைக் கொடிய இரத்தசோகை ஒன்று வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. நோய்க்கிருமியைத் தேடியும் காணாத அவர், உணவின்மேல் ஐயுற்றார். 1929இல் சில திங்கள் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும், 1931இல் சென்னையில் அந்நாளிற் கோஷா மருத்துவமனை எனப்பட்ட இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும் அவர் பணி நடந்தது. குறையுணவு கொடுத்து வளர்த்த குரங்கொன்று சோகையுற்றபோது அதற்கு மார்மைட்டை ஊட்டினார், அது தேறிற்று. நோயுற்ற மகளிர்க்குக் கொடுத்தபோதும் அவ்வாறே பலன் கண்டு, 1931இல் வெளியிட்டார். ஈரலும் இந்நோய்க்கு மருந்தே. ஆயினும் விலை மிக்கது, புலால் உண்ணாதார்க்கு ஒவ்வாதது. ஈஸ்டுச் சாற்றில் இவ்விரு தடையும் இல்லை.

அச்சாற்றினுள் மறைந்திருந்த பொருள் யாது? பத்து ஆண்டு கழித்து, 1941இல், அமெரிக்க அறிஞர் நான்கு டன் கீரையை வடித்து அதனைப் பிரித்தெடுத்தனர். இலை எனப் பொருள்படும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களிற் கர்ப்பிணிகட்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் இதுவும் கலந்துள்ளது. எனினும், 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளிற் பாதிக்கு மேற்பட்டோர் சோகையுடையோரே.

ஈஸ்டின் கதை நிற்க. எடையால் மிக்க கழிபொருள் சக்கையே. நூறு லிட்டர் பீருக்கு ஏறக்குறைய 20 கிலோ ஈரச்சக்கை எஞ்சும். இதனை உலர்த்தி அரைத்து ரொட்டி மாவிற் கலக்கின்றனர். காளான் வளர்க்கவும் எரிவாயு எடுக்கவும் பயன்படுத்துவாரும் உளர். ஆயினும் நம் பக்கத்துக்கு ஏற்ற பயன் மாட்டுத் தீவனமே என்பது என் கருத்து. திருவள்ளூர் மாவட்டத்திலும் பீர் ஆலை உண்டு. சென்னையிலிருந்து திருத்தணி செல்லும் நெடுஞ்சாலையோ கனகம்மாசத்திரத்தின் ஊடே செல்கின்றது. ஆதலின் இவ்வூர்க் கறவை மாடு வைத்திருப்போர் சக்கை வாங்குமுன் ஒரு கணக்குப் போடுதல் நலம்.

ஈரச்சக்கையில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு நீரே. ஆகவே 100 கிலோவில் உலர்பொருள் 20 முதல் 25 கிலோ. அதில் புரதம் ஏறத்தாழ 5 கிலோ. கடலைப் பிண்ணாக்கில் நூற்றுக்கு 45 பங்களவு புரதம் உண்டு எனக் கொண்டால், 100 கிலோ ஈரச்சக்கை புரத அளவிற் சுமார் 11 கிலோ பிண்ணாக்குக்கு ஈடாகும். சக்கையின் விலையும் வண்டிக்கூலியும் சேர்ந்து அப்பதினொரு கிலோவின் விலையைக் கடந்தால், வாங்குபவர் தண்ணீருக்குக் கூலி கொடுத்தவராவார். நாரும் பிற சத்தும் சக்கையில் உள்ளமையால் சிறிது கூட்டிக் கொடுக்கலாம், பெரிதும் கூட்டலாகாது.

மற்றொன்று, காலம். நம் வெயிலில் ஈரச்சக்கை இரண்டொரு நாளிற் கெடத் தொடங்கும். உடனே தீராததைக் காற்றுப் புகாதபடி தொட்டியிலோ தடித்த பையிலோ இறுக மிதித்து மூடினால், தானே புளித்துச் சில வாரம் தாங்கும். புளிப்பு மணம் குற்றமன்று, பூஞ்சணமே குற்றம். பூஞ்சணம் பிடித்த தீவனத்தில் அஃபிளடாக்சின் என்னும் நஞ்சு தோன்றக்கூடும். அது மாட்டின் வழியே பாலில் இறங்கும், பாலைக் காய்ச்சினாலும் போகாது. பூத்ததைக் கழுவியேனும் உலர்த்தியேனும் மாட்டுக்கு வையாமல் எருக்குழியில் இடுக.