வலப்பக்கத்திலிருந்து படியுங்கள்

புரோகிராமிங் கற்க வருபவர்கள் முதலில் தடுமாறுவது பெரும்பாலும் இப்படி ஒரு வரியில்தான்:

சம்பளம் = சம்பளம் + 2000

பள்ளிக் கணக்கின்படி இது தப்பு. இரு பக்கமும் சம்பளத்தை அடித்துவிட்டால் பூஜ்யமும் 2000-மும் சமம் என்றாகிவிடும். 1557-ல் கணிதவியலாளர் ராபர்ட் ரெக்கார்டு = என்ற இந்த இரட்டைக் கோட்டை அச்சில் கொண்டுவந்தபோது அதன் பொருள் 'சமம்' மட்டுமே. 1957-ல் வந்த ஃபோர்ட்ரான் மொழி அதே குறியை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டது. சி, ஜாவா, பைத்தான் எல்லாம் அந்த வழியிலேயே வந்தன.

இங்கே அது ஒரு கட்டளை. வலப்பக்கத்தைக் கணக்கிடு, கிடைத்த விடையை இடப்பக்கப் பெயரில் வை. சம்பளம் 25000 என்று இருந்தால், வரி ஓடி முடிந்ததும் அந்தப் பெயரில் 27000 இருக்கும். பழைய தொகை போய்விட்டது. இப்படி மதிப்பு மாறக்கூடிய பெயரைத்தான் வேரியபிள் என்கிறோம்.

எக்செல்லில் பழகியவர்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அதை நிதானமாகப் பார்ப்பது நல்லது:

சம்பளம் = 25000
பிடித்தம் = சம்பளம் * 12 / 100
சம்பளம் = சம்பளம் + 2000

மூன்றாவது வரிக்குப் பிறகு பிடித்தம் எவ்வளவு? எக்செல் ஷீட்டில் என்றால் தானாகவே 3240 ஆகியிருக்கும். புரோகிராமில் 3000 அப்படியே நிற்கும். இரண்டாவது வரி ஓடிய கணத்தில் கணக்கு முடிந்துவிட்டது; சூத்திரம் அங்கே தங்கவில்லை, விடை மட்டுமே தங்கியது. புதிய பிடித்தம் வேண்டுமென்றால் அந்தக் கணக்கை மறுபடி எழுதிப் போடவேண்டும். எர்ரர் எதுவும் வராது என்பதால் இத்தகைய பிழை எளிதில் கண்ணில் படாது. மாதக் கடைசியில் யாரோ ஒருவருடைய சம்பளப் பட்டியலில் போய் நிற்கும்.

இதைத் தவிர்க்க டிரை ரன் பழகுங்கள். தாளில் ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் பிறகு எதில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் இரண்டு வேரியபிள்களின் மதிப்பை இடம் மாற்றச் சொல்வது வழக்கமான கேள்வி. முதலாவதில் இரண்டாவதை நேரடியாக வைத்தால் முதலாவதின் மதிப்பு அழிந்துபோகும். அதைப் பத்திரப்படுத்த மூன்றாவது வேரியபிள் ஒன்றைப் பயன்படுத்தலாம். டிரை ரன் பழகியவர் இதை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

மதிப்பின் வகையையும் கவனியுங்கள். புரோகிராம் ஓடும்போது கீபோர்டில் தட்டிய 25000 பைத்தானுக்கு எண்ணாக வராது, எழுத்துகளாகவே வரும். அதோடு 2000-ஐக் கூட்டினால் பைத்தான் எர்ரர் காட்டி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் நிற்காது, இரண்டையும் ஒட்டி 250002000 என்று கொடுத்துவிடும். எனக்கு பைத்தானின் கண்டிப்பே பிடிக்கும்.

பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும். மேலே உள்ள மூன்று வரிகளை அப்படியே தட்டி, இன்றே ஓட்டிப் பாருங்கள்.