எடிட்டிங் வேலைக்குக் கணினி வாங்குமுன்: பிராசசரைத் தெரிந்து கொள்வோம்

நிக்காஹ் வீடியோ எடிட்டிங், பயான் ஒலிப்பதிவு, அழைப்பிதழ் மற்றும் பேனர் டிசைன் என்று நம் பிள்ளைகளில் பலர் கணினியை நம்பித் தொழிலுக்கு வருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் முதல் செலவே பெரிய செலவு. "ஐ7 இருந்தால்தான் எடிட்டிங் ஓடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, உம்மாவின் நகையை அடகு வைத்துப் பணம் புரட்டும் குடும்பங்களும் உண்டு. அப்படித் திரட்டிய பணம் சரியான பொருளுக்குப் போக வேண்டும். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து வாசிப்பதற்காக இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

1. கோர் என்றால் என்ன?

கணினியில் எல்லாக் கணக்கையும் போடுவது பிராசசர். அதற்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளுக்குக் கோர் என்று பெயர். ஒவ்வொரு கோரும் எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்பது வேறு, எத்தனை கோர் இருக்கின்றன என்பது வேறு. வாங்குபவர்கள் குழம்புவது இங்கேதான்.

வலிமா வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். வெங்காயம் உரிக்க ஒருவருக்குப் பதில் ஆறு பேர் உட்கார்ந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பிரியாணியைத் தம் போட்ட பிறகு, பக்கத்தில் ஆறு பேர் நின்றாலும் அறுபது பேர் நின்றாலும் தம் ஆகும் நேரம் குறையாது. கணினி வேலையிலும் பங்கு போடக்கூடிய பகுதி உண்டு, பங்கு போட முடியாத பகுதியும் உண்டு.

கணக்காகவே பார்ப்போம். ஒரு கோர் 60 நிமிடத்தில் முடிக்கும் வேலையில் 48 நிமிடப் பகுதியைப் பங்கு போடலாம், 12 நிமிடப் பகுதியைப் பங்கு போட முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6 கோர்: 12 + 8 = 20 நிமிடம்
12 கோர்: 12 + 4 = 16 நிமிடம்
24 கோர்: 12 + 2 = 14 நிமிடம்

ஆறிலிருந்து இருபத்து நான்காகக் கோர் நான்கு மடங்கு கூடியும் மிச்சமானது 6 நிமிடம்தான். 1967-ல் ஜீன் ஆம்டால் என்ற கணினிப் பொறியாளர் எடுத்துச் சொன்ன உண்மை இது. கோர் எண்ணிக்கைக்கு மட்டும் பணம் கொடுப்பது ஏன் வீண் என்பது இதிலிருந்தே விளங்கும்.

2. எந்த வேலைக்கு எது தேவை?

ஆடியோ: ஒலிப்பதிவில் பொதுவாக ஒரு நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கப்படும். மென்பொருள் அவற்றை 128, 256 என்று சிறு கட்டுகளாக வாங்கிக் கணக்குப் போடும். 128 மாதிரிக் கட்டு என்றால் சுமார் 2.7 மில்லிநொடி. அதற்குள் கணக்கு முடியாவிட்டால் ஒலியில் 'டிக் டிக்' என்ற வெட்டு விழும். ஒரு டிராக்கில் போடும் எஃபெக்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதால், பெரும்பாலும் அந்த டிராக்கின் சுமை முழுவதும் ஒரே கோரின் மேல் விழும். எனவே ஆடியோவுக்கு ஒவ்வொரு கோரின் வேகமே முதன்மை. சூடாகும் பிராசசருக்கு மின்விசிறி சத்தமாகச் சுற்றும், அந்தச் சத்தம் மைக்கிலும் பதியும். 65 வாட் வகைப் பிராசசர் இதற்கு வசதி.

கிராபிக்ஸ்: போட்டோஷாப் போன்ற மென்பொருள்களில் பல வேலைகள் சில கோர்களையே பயன்படுத்துகின்றன. இங்கும் கோரின் வேகமும் போதுமான ராமும்தான் முக்கியம். பிளெண்டரில் முப்பரிமாணப் படம் ரெண்டர் செய்வது வேறு. அந்த வேலை எல்லாக் கோருக்கும் நன்றாகப் பிரியும். ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதிலேயே வேகமாக முடிந்துவிடும்.

வீடியோ: ஒரு மணி நேர வீடியோவில், நொடிக்கு 25 படம் வீதம், 90,000 படங்கள் உள்ளன. ஃபுல் எச்.டி. படத்தில் சுமார் 20 லட்சம் புள்ளிகள், 4கே படத்தில் அதைப்போல் நான்கு மடங்கு. கேமரா இவற்றை எச்.264, எச்.265 என்ற முறைகளில் சுருக்கித்தான் பதிவு செய்கிறது. எடிட் செய்யும்போது கணினி ஒவ்வொரு படத்தையும் விரித்துக் காட்ட வேண்டும். டைம்லைன் திக்கித் திக்கி ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த விரிக்கும் வேலைக்கென்றே இன்டெல் பிராசசர்களின் உள் கிராபிக்ஸில் 'குவிக் சிங்க்' என்ற பகுதி 2011 முதல் உள்ளது. பிரீமியர் புரோ போன்ற மென்பொருள்கள் இதைப் பயன்படுத்துகின்றன. இன்றைய கேமராக்கள் சிலவற்றில் 4:2:2, 10-பிட், எச்.265 என்ற வகையில் பதிவு செய்யும் வசதி உண்டு. 12ஆம் தலைமுறை இன்டெல் உள் கிராபிக்ஸ் இதை எளிதாக விரிக்கும். என்விடியா கார்டுகளில் 2025-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசைக்கு முன்பு இந்த வசதி இல்லை. எனவே பிள்ளையின் கேமரா எந்த வகையில் பதிவு செய்கிறது என்று முதலில் பாருங்கள், பிறகு பிராசசரைத் தேடுங்கள். டாவின்சி ரிசால்வ் பயன்படுத்துபவர்களுக்குக் கிராபிக்ஸ் கார்டின் பங்கு இன்னும் அதிகம்.

3. பெயரை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

'ஐ7' என்பது ஒரு வரிசையின் பெயர் மட்டுமே. அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. 2011-ல் வந்த ஐ7-2600-க்கு 4 கோர். 2022-ல் வந்த ஐ3-12100-க்கும் 4 கோர்தான், ஆனால் அதன் ஒவ்வொரு கோரும் மிகவும் முன்னேறியது. பழைய ஐ7-ஐ விடப் புதிய ஐ3 வேகமானது. 'ஐ7 கணினி, மலிவு விலை' என்ற விளம்பரத்தைப் பார்த்தால், எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தியவற்றை ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

கடைசி எழுத்தையும் கவனியுங்கள். இன்டெல்லில் 'எஃப்' இருந்தால் உள் கிராபிக்ஸ் இல்லை, அதனால் குவிக் சிங்கும் இல்லை. சிறிது விலைக் குறைவுக்காக வீடியோ எடிட்டர் இதை இழக்கக் கூடாது. லேப்டாப்பில் 'யு' என்றால் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வகை, 'எச்' என்றால் கூடுதல் திறன் வகை. 2016-ல் வந்த ஐ7-7500யு என்ற லேப்டாப் பிராசசருக்கு இரண்டே கோர்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில் மின்னழுத்தக் கோளாறு இருப்பது 2024-ல் தெரிய வந்தது. நிறுவனம் பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே பழுதான பிராசசரை அந்தத் திருத்தம் சரியாக்காது. இவற்றைப் பழையதாக வாங்குவோர் பில்லையும் பயாஸ் பதிப்பையும் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

4. எதை வாங்கலாம்?

தொழில் தொடங்கும் பிள்ளைக்கு, ஃபுல் எச்.டி. வீடியோ, டிசைன், சாதாரண ஒலிப்பதிவு என்றால் ஐ5-12400 போதும். 6 கோர், உள் கிராபிக்ஸும் உண்டு. 4கே வேலை அதிகம் என்றால் ஐ5-13500, ஐ7-14700 போன்றவற்றைப் பார்க்கலாம்.

ஏ.எம்.டி. விரும்புவோருக்கு 6 கோர் ரைசன் 5 7600, 8 கோர் ரைசன் 7 7700 நல்லவை. இவை ஏ.எம்.5 சாக்கெட்டில் பொருந்துவதால், பின்னாளில் மதர்போர்டை மாற்றாமல் புதிய பிராசசர் போட வழி உண்டு. ஆனால் டி.டி.ஆர்.5 ராம் கட்டாயம். அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பட்ஜெட்டில் பிராசசருக்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் ஆலோசனை. மீதியில் ராம் (டிசைனுக்கு 16 ஜி.பி., 4கே வீடியோவுக்கு 32 ஜி.பி.), எஸ்.எஸ்.டி., கிராபிக்ஸ் கார்டு, தரமான பவர் சப்ளை, யு.பி.எஸ். ஆகியவற்றைப் பாருங்கள். வாடிக்கையாளரின் கல்யாண வீடியோவை இரண்டாவது டிஸ்கில் பிரதி எடுத்து வைப்பதும் தொழிலின் ஒரு பகுதியே. அந்தச் செலவை மறக்காதீர்கள்.

5. கடையில் கேட்க வேண்டியவை

• பிராசசரின் முழுப் பெயர், எண், கடைசி எழுத்து என்ன?
• எத்தனை கோர்? எத்தனையாவது தலைமுறை?
• உள் கிராபிக்ஸ் உண்டா?
• ராம் எத்தனை ஜி.பி.? பிறகு கூட்ட இடம் உண்டா?
• பிராசசர், மதர்போர்டு, ராம் ஒவ்வொன்றின் பெயரும் உத்தரவாதமும் பில்லில் தனித்தனியாக வருமா?

முடிந்தால் பிள்ளை எடுத்த வீடியோ ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோய், கடையிலேயே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விளம்பரத்தை விட அந்தப் பத்து நிமிடம் அதிகம் சொல்லிவிடும். வருமானம் வரத் தொடங்கிய பிறகு, எந்த இடத்தில் கணினி திணறுகிறது என்று பிள்ளைக்கே தெரியும். அந்த இடத்தை மட்டும் மேம்படுத்திக் கொள்ளலாம். கடன் பட்டு முதல் நாளிலேயே உச்சத்தை வாங்கத் தேவையில்லை.