காலைக் கூட்டத்தில் மயக்கம் வருவது ஏன்?

கொடியேற்று நாளன்று நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வெயில் ஏறிவிட்டது. சிறப்பு விருந்தினர் வரச் சற்றுத் தாமதமாயிற்று. ஒன்பதாம் வகுப்பு வரிசையில் நின்ற ஒரு பெண் முதலில் கொட்டாவி விட்டாள். பிறகு அவள் முகம் வெளுத்தது. நெற்றியில் வியர்வை அரும்பியது. பக்கத்தில் நின்ற தோழியின் தோளைப் பற்றியவள் அப்படியே சரிந்தாள். நானும் இன்னோர் ஆசிரியையும் ஓடிச்சென்று அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். தலை மீண்டும் தொங்கிவிட்டது. முன்பு செவிலியாகப் பணியாற்றிய நம் சிஸ்டர் ஒருவர் விரைந்து வந்து, "டீச்சர், முதலில் அவளைக் கீழே படுக்க வையுங்கள்" என்றார். படுக்க வைத்து, இரு கால்களையும் ஒரு பெஞ்சின்மேல் தூக்கி வைத்தார். ஒரு நிமிடத்திற்குள் அவள் கண் விழித்து, "என்ன சிஸ்டர் ஆச்சு?" என்று கேட்டாள்.

வகுப்பில் இரத்த ஓட்டத்தைப் படம் வரைந்து விளக்கும் நானே அன்று தவறு செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அது ஏன் தவறு என்பதை விளக்கவே இக்கட்டுரை.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உண்டு. ஓய்வாக இருக்கும்போது இதயம் ஒரு நிமிடத்தில் அனுப்பும் இரத்தமும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் உடலிலுள்ள குழாய்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் முழுவதும் விரிந்துகொண்டால் அவற்றை நிரப்ப இந்த 5 லிட்டர் போதாது. தெருவிலுள்ள எல்லா வீடுகளிலும் ஒரே வேளையில் குழாயைத் திறந்தால் மாடி வீட்டிற்குத் தண்ணீர் ஏறுவதில்லை அல்லவா? நம் உடலில் மூளைதான் மாடி வீடு. அதற்குச் சில விநாடிகள் இரத்தம் குறைந்தாலும் நினைவு தப்பிவிடும். ஆகவே எந்தக் குழாயை எவ்வளவு திறப்பது, எதை எவ்வளவு மூடுவது என்று இரவு பகலாகக் கவனிக்க ஓர் ஏற்பாடு தேவை. அந்த வேலையைச் செய்பவை பரிவு நரம்புகள்.

பிறர் துன்பம் கண்டு இரங்குவதையே பரிவு என்கிறோம். நரம்புக்கு ஏன் இந்தப் பெயர்? உடலின் ஓர் உறுப்பு துன்புற்றால் மற்றோர் உறுப்பும் அதை உணர்ந்து பங்குகொள்கிறது என்றும், அதற்கு நரம்புகளே வழி என்றும் பழங்கால மருத்துவர்கள் எண்ணினர். அக்கருத்தை ஒட்டி வின்ஸ்லோ என்ற உடற்கூற்று அறிஞர் 1732-இல் இப்பெயரை நிலைநாட்டினார். தமிழில் பெயரிட்டவர்கள் அதன் பொருள் கெடாமல் 'பரிவு' என்றே அமைத்தது எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த நரம்புகளின் பாதையைப் பார்ப்போம். மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து கட்டளை புறப்பட்டுத் தண்டுவடம் வழியாக இறங்குகிறது. தண்டுவடத்தின் மார்புப் பகுதி தொடங்கி இடுப்புப் பகுதியின் இரண்டாம் கண்டம் வரையுள்ள இடத்திலிருந்துதான் பரிவு நரம்பிழைகள் வெளியே வருகின்றன; கழுத்துப் பகுதியிலிருந்து வருவதில்லை. முதுகெலும்பின் இருபுறமும் செபமாலை மணிகளைப்போல நரம்பு முடிச்சுகள் கோக்கப்பட்டிருக்கின்றன. வெளிவந்த இழைகளில் பெரும்பாலானவை அங்கே முடிய, புதிய இழைகள் தொடங்குகின்றன. தலைக்குச் செல்பவை சங்கிலி வழியே மேலேறிக் கழுத்திலுள்ள முடிச்சுகளை அடைகின்றன; கைகால்களுக்குரியவை மற்ற நரம்புகளோடு சேர்ந்து பயணம் செய்கின்றன. இறுதியில் இவை இரத்தக் குழாயின் வெளிச்சுவரில் வலைபோலப் படர்ந்து, நார்அட்ரினலின் என்னும் பொருளைச் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. இப்பொருளை 1946-இல் கண்டறிந்து கூறிய சுவீடன் நாட்டு அறிஞர் உல்ஃப் வான் ஆய்லர், 1970-இல் நோபெல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர்.

நார்அட்ரினலின் பட்டவுடன் குழாய்ச் சுவரிலுள்ள மென்தசை சுருங்குகிறது. இது மிகுதியாக நிகழ்வது நுண்தமனிகளில். தந்துகிகளில் தசையே கிடையாது. ஆகவே அவற்றுக்கு இந்நரம்பின் ஆட்சியும் இல்லை. நுண்தமனி சற்றே சுருங்கினாலும் விளைவு பெரிது. குழாயின் உள் ஆரம் பாதியானால் அதன் வழியே பாய்வது பாதியாகும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, அழுத்தம் மாறாதிருந்தால் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840-களில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டுக் கண்ட விதி இது. கணக்குப் பாடத்தில் நான்காம் அடுக்கு எதற்கு என்று கேட்கும் மாணவியர் கவனிக்க!

இன்னொரு செய்தியையும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இதயத்திற்கு வேகப்படுத்த ஒரு நரம்பும், வேகத்தைக் குறைக்க வேறொரு நரம்பும் உண்டு. பெரும்பாலான இரத்தக் குழாய்களுக்கோ பரிவு நரம்பு ஒன்றுதான். அப்படியானால் குழாய் விரிவது எப்படி? நரம்பு ஒருபோதும் முழு ஓய்வில் இருப்பதில்லை. நாம் உறங்கும்போதும் மெல்லிய துடிப்புகளை அனுப்பிக் குழாயை ஓரளவு இறுக்கியே வைத்திருக்கிறது. துடிப்பு கூடினால் இறுக்கம் கூடும். குறைந்தால் குழாய் தானே நெகிழும். ஒரே கடிவாளத்தை இழுத்தும் தளர்த்தியும் குதிரையை ஓட்டுவது போல.

இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. பாரிஸ் நகரில் கிளாட் பெர்னார் என்ற அறிஞர் 1851-இல் ஒரு முயலின் கழுத்தில் ஒரு பக்கத்துப் பரிவு நரம்பை மட்டும் வெட்டினார். நரம்பை வெட்டினால் அப்பக்கம் குளிர்ந்துபோகும் என்பது அவர் எதிர்பார்ப்பு. நடந்ததோ நேர்மாறு. அப்பக்கத்துக் காது சிவந்து, மற்றக் காதைவிடச் சில டிகிரி சூடேறியது. அடுத்த ஆண்டில் பிரௌன்-செக்கார் என்பவர், வெட்டுண்ட நரம்பின் மேல்முனையில் மின்சாரம் பாய்ச்சினார். காது வெளுத்துக் குளிர்ந்தது. நரம்பு வேலை செய்தால் குழாய் சுருங்குகிறது, நரம்பு இல்லையேல் விரிகிறது என்பது அப்போது தெளிவாயிற்று. தம் எதிர்பார்ப்பு பொய்த்தபோது கண்டதை மறைக்காமல் எழுதி வைத்தாரே, அதனால்தான் பெர்னாரின் பெயர் நிலைத்தது. (முயலுக்காக வருந்தும் மாணவியர் இருப்பீர்கள். பெர்னாரின் மனைவியும் இத்தகைய சோதனைகளை வெறுத்து, பின்னாளில் அவரைவிட்டுப் பிரிந்தார்.)

இனி நம் கொடிமரத்தடிக்கு வருவோம். நாம் எழுந்து நின்றவுடன் ஏறத்தாழ அரை லிட்டர் இரத்தம் கால்களுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைய, அழுத்தமும் குறைய முனைகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள அழுத்த உணர்விகள் இதை நொடியில் அறிந்து முகுளத்திற்குத் தெரிவிக்கின்றன. முகுளம் பரிவு நரம்புகளை முடுக்குகிறது. தோல், குடல், கால்கள் ஆகியவற்றின் குழாய்கள் சுருங்குகின்றன, சிரைகளும் இறுகித் தம்மிடம் தேங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகின்றன, இதயம் விரைகிறது. மூளையின் குழாய்களை மட்டும் இந்நரம்புகள் அதிகம் சுருக்குவதில்லை. இத்தனையும் நாம் அறியாமலேயே நடந்து முடிகிறது.

ஆனால் வெயிலில் நெடுநேரம் அசையாமல் நின்றால்? உடல் வெப்பத்தை வெளியேற்றத் தோலின் குழாய்கள் விரிந்திருக்க வேண்டியிருக்கிறது. வியர்வையால் நீரும் குறைகிறது. கால் தசைகள் அசையாததால் இரத்தம் மேலே ஏறவில்லை. பரிவு நரம்புகள் ஓரளவுக்குப் போராடுகின்றன. அந்த வெளுத்த முகமும் வியர்வையும் அப்போராட்டத்தின் அடையாளங்கள். பிறகு சிலருக்குத் திடீரென்று பரிவு நரம்புகளின் துடிப்பு நின்றுபோகிறது. அதே நேரத்தில் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது. குழாய்கள் தளர, அழுத்தம் சரிய, மாடி வீட்டிற்கு இரத்தம் ஏறவில்லை. பெண் விழுகிறாள். விழுந்தவுடன் தலையும் இதயமும் ஒரே மட்டத்திற்கு வந்துவிடுவதால், விழுவதே ஒரு வகையில் அவளுக்கு மருந்து. நாங்கள் அவளைத் தூக்கி உட்கார வைத்து அந்த மருந்தைத்தான் பறித்தோம்.

தண்டுவடம் கழுத்திலோ மேல் மார்பிலோ முறிந்தவர்களுக்கு முகுளத்தின் கட்டளை கீழே இறங்க வழியில்லை. அவர்களைப் படுக்கையிலிருந்து நிமிர்த்தினாலே மயக்கம் வரும். மறுவாழ்வு மருத்துவமனைகளில் சாய்வுப் பலகையில் கிடத்தி, நாள்தோறும் சிறிது சிறிதாக நிமிர்த்திப் பழக்குவார்கள். 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை மருத்துவம் செய்த டாக்டர் மேரி வர்கீஸ், இத்தகையோருக்காகவே 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்க உழைத்தவர்.

பெற்றோருக்கும் ஒரு சொல். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியருக்கு இந்த நரம்பின் வேகம் வயதால் குறைந்திருக்கும். இரத்த அழுத்தத்திற்குத் தரும் மாத்திரைகளில் சில, நார்அட்ரினலின் குழாயைச் சுருக்குவதைத் தடுப்பவை. இரவில் சட்டென்று எழுந்து நடந்து விழுவது இதனால்தான் பல வீடுகளில் நேர்கிறது. படுக்கையில் சற்று உட்கார்ந்து, பின் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், மருத்துவரிடம் கூறுங்கள்.

மயங்கியவரைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். சுற்றி நின்று காற்றை மறைக்காதீர்கள். நினைவு திரும்பும்வரை வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஓரிரு நிமிடத்தில் தெளியாவிட்டாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ, வலிப்பு வந்தாலோ, மருத்துவ உதவி தேவை. வரிசையில் நிற்பவர்கள் காலை உணவைத் தவிர்க்காமல், தண்ணீர் குடித்துவிட்டு வரவேண்டும். முழங்காலை விறைப்பாக வைக்காமல், காலணிக்குள் விரல்களை மடக்கி நீட்டியும் கெண்டைக்கால் தசையை இறுக்கித் தளர்த்தியும் நிற்கலாம். சிஸ்டருக்கு வெளியே தெரியாது!

விடுமுறையில் செய்து பார்க்க ஒரு சிறு சோதனை. ஐந்து நிமிடம் படுத்திருந்து நாடித் துடிப்பை எண்ணுங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். 10 முதல் 20 வரை கூடியிருப்பது இயல்பு. பிறகு ஒரு கையைப் பனிக்கட்டி இட்ட நீரில் ஒரு நிமிடம் வைத்து, மற்றக் கையைத் தங்கையைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீரில் படாத அந்தக் கையும் ஏன் சில்லிடுகிறது? விடையை எழுதிக்கொண்டு, பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஆய்வுக்கூடத்திற்கு வாருங்கள்.