வருவோரும் போவோரும்

குடிவரவு, குடியகல்வு என்னும் இரு சொற்களும் நம் நாட்டில் ஒரே திணைக்களத்தின் பெயரில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஓர் ஊரிலிருந்து குடியகல்பவரே இன்னோர் ஊருக்குக் குடிவருபவர். பயணம் ஒன்று, பெயர் இரண்டு. ஆயினும் ஐரோப்பாவில் குடிவரவைப் பற்றி எழும் கூச்சல் குடியகல்வைப் பற்றி எழுவதில்லை.

1957இல் ஆறு நாடுகள் ரோம் உடன்படிக்கையில் ஒப்பமிட்டபோதே, தொழிலாளர் ஒரு நாட்டிலிருந்து மற்றதற்குத் தடையின்றிச் சென்று வேலை செய்யும் உரிமை அதில் இடம்பெற்றது. 1993இல் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின் அது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களின் உரிமையாக விரிந்தது. இதனை ஷெங்கன் உடன்படிக்கையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது எல்லைகளில் கடவுச்சீட்டுச் சோதனையை நீக்குவது பற்றியது. பிரித்தானியா அதில் சேரவேயில்லை.

2004 மே முதலாம் திகதி போலந்து, லித்துவேனியா உட்படப் பத்து நாடுகள் ஒன்றியத்தில் இணைந்தன. ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் புதியவர்களுக்கு ஏழாண்டுகள் கதவை ஒருக்களித்தே வைத்திருந்தன. பிரித்தானியா, அயர்லாந்து, சுவீடன் ஆகியன மட்டும் உடனே திறந்துவிட்டன. ஆண்டுக்கு 13,000 பேருக்கு மேல் வந்து தங்கமாட்டார்கள் என்பது பிரித்தானிய அரசுக்குக் கிடைத்த மதிப்பீடு. ஏனைய பெரிய நாடுகளும் திறக்கும் என்று எண்ணிப் போட்ட கணக்கு அது. நடந்ததோ வேறு. இங்கிலாந்திலும் வேல்சிலும் வாழ்ந்த, போலந்தில் பிறந்தோரின் தொகை 2001இல் சுமார் 58,000. 2011இல் சுமார் 5 இலட்சத்து 79 ஆயிரம். 2016ஆம் ஆண்டின் சர்வசன வாக்கெடுப்பில் 51.9 வீதத்தினர் ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னது பலரும் அறிந்த பக்கம். மறுபக்கத்தில், 1990இல் சுமார் 37 இலட்சமாக இருந்த லித்துவேனியாவின் சனத்தொகை 2020இல் சுமார் 28 இலட்சமாகிவிட்டது. பிறப்பு குறைந்ததும் உண்மைதான். என்றாலும் போனவர்களின் பங்கே பெரிது. போனவர்களில் இளைஞர்கள் அதிகம். வைத்தியரையும் தாதியரையும் படிப்பித்த செலவு ஒரு நாட்டுக்கு, அவர்களின் சேவை இன்னொரு நாட்டுக்கு என்ற நிலை கிழக்கு ஐரோப்பா எங்கும் உண்டு.

2007இல் இணைந்த ருமேனியாவிலிருந்து பெண்கள் பலர் இத்தாலிக்குச் சென்று அங்குள்ள முதியோரைப் பராமரிக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளை ஊரில் பாட்டிமார் வளர்க்கிறார்கள். தாய் மத்திய கிழக்கில் உழைக்க, உம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகளைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2019இல் ஒன்றியத்தின் 14 நாடுகளில் கருத்துக்கணிப்பு ஒன்று நடந்தது. ஸ்பெயின், இத்தாலி, ருமேனியா முதலிய நாடுகளில் வருவோரைப் பற்றிய கவலையைவிடப் போவோரைப் பற்றிய கவலையே மேலோங்கியிருந்தது. தம் நாட்டவர் நீண்டகாலம் வெளியே தங்குவதை அரசு தடுக்க வேண்டும் என்றோரும் அங்கு பலர். ருமேனியர் அப்படிச் சொல்வதுதான் என்னை வியக்கவைத்தது. 1989 டிசம்பரில் சௌசெஸ்குவின் ஆட்சி கவிழும்வரை, அந்நாட்டின் சாதாரண குடிமகனுக்கு வெளிநாடு செல்லக் கடவுச்சீட்டுக் கிடைப்பதே அரிதாக இருந்தது.