எல்லார் தலைக்கும் ஏறிய தலைப்பாகை



இந்தப் பாடத்தை ஒரு கீறலிலிருந்து தொடங்குகிறேன். நம் தாங்கலுக்கு வரும் ஒருவர் வெளிநாட்டில் இருபது வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பினார். வீட்டு முகப்புக்குக் கிரானைட் பதித்தார், புதுக் கார் வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்புக்கு வந்தவர், காரைத் தாங்கல் வாசலிலேயே நிறுத்தினார். மற்றவர்கள் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வர முடிந்தது. பணிவிடை முடிந்து வெளியே வந்தால், கார்க் கதவில் ஆணியால் இழுத்தது போல நீளமாக ஒரு கீறல். யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது.

அவர் முகம் வாடி நின்றதைப் பார்த்தபோது என் மனசுக்குள் ஒரு நொடி சந்தோஷம் வந்தது. நெற்றியில் திருநாமம் காயவில்லை, தலையில் கட்டிய துண்டை அவிழ்க்கவில்லை, அப்படியே நின்று சந்தோஷப்பட்டேன். ஆகவே அவருக்குப் புத்தி சொல்லும் பாடமாக இதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

காயல்பட்டினம் கொழும்பு, வளைகுடா, ஹாங்காங் என்று வெளியூர்ச் சம்பாத்தியம் வந்து சேரும் ஊர். பக்கத்து ஆறுமுகநேரி உப்பளத்துக்குத் தினக்கூலிக்குப் போகிறவர்களும் நம்மிடையேதான் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் புல்லட் வந்தால் எதிர்வீட்டுப் பையன் அன்று இரவு சாப்பிடமாட்டான். தகப்பன் உப்பு அரித்த காலோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இப்படித்தான் பகை முளைக்கிறது.

இந்த வலி நமக்குப் புதிதல்ல. திருவிதாங்கூர் ஆட்சியில் நம் முன்னோர் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, தங்கம் அணியக் கூடாது, மாடி வீடு கட்டக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, மேல்சீலை அணியக் கூடாது. யோசித்துப் பாருங்கள், ஒரு குடைக்கு என்ன விலை இருந்திருக்கும்? விலை அங்கே விஷயமே இல்லை. நீயும் பிடித்தால் என் குடைக்கு மதிப்பு ஏது என்பதுதான் சங்கதி. 1859 ஜூலையில் அரசு இறங்கி வந்து மேல்சீலைக்கு அனுமதி கொடுத்தது. அப்போதும், எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளுங்கள், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் வேண்டாம் என்று ஒரு நிபந்தனை வைத்தது. மானத்தை மறைக்கத் துணி கொடுக்கும்போதும் வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அய்யாவுக்குப் பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். பெயரில் முடி இருப்பதைக்கூடப் பொறுக்காமல் அதை முத்துக்குட்டி என்று மாற்ற வைத்தார்கள். அந்த அய்யா 1833 மாசியில், நமக்குப் பக்கத்துத் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்து வந்தபின் என்ன செய்தார்? மேலே இருந்தவன் தலைப்பாகையைப் பறிக்கச் சொல்லவில்லை. நம் ஒவ்வொருவர் தலையிலும் ஒன்றைக் கட்டிவிட்டார். எல்லார் தலைக்கும் ஏறியபின் அதைக் காட்டி யாரை மிரட்ட முடியும்? சாமிதோப்பு முத்திரிக்கிணற்றில் எல்லாரும் ஒரே தண்ணீரில் குளித்ததும் இதே வழிதான். சட்டையைக் கழற்றிவிட்டுப் பள்ளியறைக் கண்ணாடிக்கு முன் நின்றால் உப்பளக்காரர் யார், கார்க்காரர் யார் என்று தெரியாது. (பெண்கள் பக்கம் இந்தச் சௌகரியம் இல்லை. திருநாளுக்கு இரவல் சங்கிலி வாங்கிப் போட்டு வருகிறவர்கள் உண்டு. அதை அவர்கள்தான் பேச வேண்டும்.)

கீறல் விழுந்தபின் அவர் இரண்டு வாரம் தாங்கலுக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அங்க ஒரு ரூம்ல எட்டுப் பேரு கிடந்தோம், அண்ணாச்சி. நான் யாருன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. இங்க வந்தும் தெரியாமப் போச்சுன்னா, நான் போனதுக்கு என்ன அர்த்தம்?"

எனக்குப் பதில் வரவில்லை. பகட்டு என்று நான் நினைத்தது அவருக்கு இருபது வருடப் பசி. தாத்தா காலத்தில் மறுக்கப்பட்ட மரியாதையை அவர் காசு கொடுத்து வாங்கப் பார்க்கிறார். காசில்லாதவன் அதே மரியாதைக்கு ஆணியை எடுக்கிறான். அய்யா சும்மா கட்டிவிட்ட தலைப்பாகை இருவர் தலையிலும் இருக்கிறது, இருவருக்கும் அது போதவில்லை. வாசலில் காரை நிறுத்தியது தப்பு என்று அவரிடம் சொன்னேன். கீறலைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதையும் சொன்னேன். அதற்கு அவர் சிரித்தார், கோபித்திருந்தால் எனக்கு இன்னும் நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது காரைத் தெருமுனையில் நிறுத்துகிறார். அது மனம் மாறியதாலா, பெயின்ட் போய்விடும் என்ற பயத்தாலா என்று நான் கேட்கவில்லை.

அவரைச் சொல்லிவிட்டு நம் தாங்கலைப் பார்க்காமல் விடக் கூடாது. காணிக்கையே வேண்டாம் என்று விலக்கியவர் அய்யா. நம் டியூப்லைட்டுகளிலோ "உபயம்" என்று பெயரும் தகப்பன் பெயரும் எழுதி, பாதி வெளிச்சத்தை எழுத்தே மறைக்கிறது. அடுப்படியில் விறகு சுமந்து, உம்பான் அன்னத்துக்குக் காய் நறுக்கிக் கொடுக்கிறவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. போன மாதக் கூட்டத்தில் இந்தப் பெயர்களை அழித்துவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் வாயே திறக்கவில்லை, ஒரு விளக்கில் என் பெயரும் இருக்கிறது. வருகிற ஞாயிறு ஏணி போட்டு முதலில் அதை அழித்துவிட்டு, மற்ற இருவரிடமும் போய்க் கேட்பதாக இருக்கிறேன்.